பதுங்கிப் போக ஒரு ரோல் போதும்: டி அண்ட் டி ஸ்டெல்த்துக்கான ஹவுஸ் ரூல்கள்

டேபிள்டாப் ரோல்-பிளேயிங் கேம் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதாபாத்திரங்களாக ஆடும் ஆட்டம்) ஆடும் குழுக்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. நான்கு பேர் கோட்டை மதிலோரம் வந்து நிற்கிறார்கள். உள்ளே காவல் இருக்கிறது. சத்தமில்லாமல் உள்ளே நுழைந்துவிடலாம் என்று எல்லாரும் ஒருமனதாக முடிவு செய்கிறார்கள். எந்தப் பக்கம் ஏறுவது, யார் முன்னால் போவது என்று திட்டம் போடவே அரை மணி நேரம் ஆகிறது. அப்புறம் பகடையை உருட்டுகிறார்கள். இரண்டே நிமிடத்தில் கோட்டை மணி அடிக்கிறது, சண்டை தொடங்கிவிடுகிறது. சில ஆட்டங்கள் இப்படியே போனபின் பதுங்கிப் போகலாம் என்ற யோசனையையே யாரும் எடுப்பதில்லை. கதவை உடைத்துக்கொண்டு நேராக உள்ளே போகிறார்கள்.

எனக்கு இது பெரிய இழப்பாகத் தெரிகிறது. காவலன் முதுகுப் பக்கமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு நகரும் அந்த ஐந்து நிமிடம், மேசையில் எல்லாரும் தானாகவே குரலைத் தாழ்த்திப் பேசும் அந்த ஐந்து நிமிடம், எந்த டிராகன் சண்டையையும் விட நன்றாக இருக்கும். அது கிடைக்காமல் போவதற்கு ஆடுகிறவர்களின் ராசி காரணமில்லை. எத்தனை தடவை உருட்டுகிறோம், தவறினால் என்ன ஆகும் என்பதை யோசிக்காமல் விடுவதுதான் காரணம்.

புதிதாக வருகிறவர்களுக்கு அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே நான் எடுத்துக்கொள்வது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-இல் வெளிவந்த இந்த ஆட்டத்திலிருந்துதான் இந்த வகை முழுவதும் கிளைத்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் டன்ஜன் மாஸ்டர், அதாவது டிஎம். ஊர், காடு, காவலர்கள், அரக்கர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை நடத்துகிறார்கள். ஒருவர் ஒரு காரியத்தைச் செய்வதாகச் சொல்கிறார். அது நடக்குமா என்று சந்தேகம் இருந்தால் 20 பக்கப் பகடையை, டி20 என்பார்கள், உருட்டுகிறார். இப்படி ஒரு முறை உருட்டுவதுதான் ஒரு ரோல். விழுந்த எண்ணோடு அந்தத் திறமைக்கான எண்ணைக் கூட்டி, டிஎம் வைத்திருக்கும் இலக்கை எட்டினால் வெற்றி.

பதுங்கும் திறமைக்குப் பெயர் ஸ்டெல்த். கவனிக்கும் திறமைக்குப் பெயர் பெர்செப்ஷன். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் காவலன் தனியாகத் தேடாமல் சும்மா நின்றாலும் அவனுக்கு ஒரு நிலையான கவனம் உண்டு. 10-உடன் அவனுடைய பெர்செப்ஷன் எண்ணைக் கூட்டினால் வருவது பாசிவ் பெர்செப்ஷன். சாதாரணக் காவலனுக்கு அது 12. ஓநாய்க்கு 13, அதற்குக் காதும் மூக்கும் கூர்மை என்பதால் சத்தமோ வாடையோ வந்தால் இன்னும் 5 கூடிவிடும். மங்கிய வெளிச்சத்தில் கண்ணால் மட்டும் பார்க்க வேண்டியிருந்தால் 5 குறையும். நீங்கள் உருட்டி வந்த ஸ்டெல்த் எண்ணை இதோடு ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் எப்போது உருட்டுவது, எத்தனை முறை உருட்டுவது, ஒருவர் மட்டும் தவறினால் என்ன செய்வது என்பதையெல்லாம் புத்தகம் பெரும்பாலும் டிஎம் கையில் விட்டுவிடுகிறது. அந்த இடத்தில்தான் ஹவுஸ் ரூல் வருகிறது. தெருவில் கிரிக்கெட் ஆடும்போது எதிர்வீட்டு மாடிக்கு அடித்தால் அவுட் என்று பேசிவைத்துக்கொள்கிறோமே, அந்த மாதிரி ஒரு மேசையில் ஆடுகிறவர்கள் தங்களுக்குள் ஒத்துக்கொண்ட விதி.

கணக்கு எங்கே உதைக்கிறது

முதல் நிலையில், அதாவது ஆட்டத்தின் தொடக்கக் கட்டத்தில், இருக்கும் நான்கு பேரை எடுத்துக்கொள்வோம். ரோக் என்ற வகுப்பை, அதாவது திருடன் வகையைச் சேர்ந்தவர் பதுங்குவதிலேயே தேர்ந்தவர். அவருக்கு ஸ்டெல்த் +7. விசார்டுக்கு (மந்திரவாதி) +2. ஃபைட்டருக்கு (போர்வீரர்) +1, கிளெரிக்குக்கு (மதகுரு) 0. கடைசி இருவரும் செயின் மெயில் அணிந்திருக்கிறார்கள். அந்த இரும்பு வளையச் சட்டை சலசலக்கும் என்பதால் அவர்களுக்கு டிஸ்அட்வான்டேஜ், அதாவது பகடையை இரண்டு முறை உருட்டிச் சிறிய எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எதிரே பாசிவ் பெர்செப்ஷன் 12 உள்ள ஒரே ஒரு காவலன். ரோக் தப்பிக்க 80 சதவீத வாய்ப்பு. விசார்டுக்கு 55. ஃபைட்டருக்கு 25. கிளெரிக்குக்கு 20-ஐ ஒட்டி. நால்வரும் தனித்தனியாக உருட்டி நால்வரும் வெல்ல வேண்டும் என்று டிஎம் சொன்னால், எல்லாவற்றையும் பெருக்கிப் பாருங்கள்: சுமார் 2 சதவீதம். நூறு முறை முயன்றால் இரண்டு முறை உள்ளே போகலாம். இத்தனைக்கும் காவலன் ஒருவன்தான், அவனும் தனித்திறமை ஏதுமில்லாதவன்.

சரி, ரோக்கை மட்டும் தனியாக அனுப்பலாமே என்று தோன்றும். மதிலில் ஒரு ரோல், முற்றத்தில் ஒரு ரோல், படிக்கட்டில் ஒன்று, தாழ்வாரத்தில் ஒன்று, அறைக்கதவில் ஒன்று என்று டிஎம் கேட்டுக்கொண்டே போனால், 80 சதவீத ஆளும் ஐந்தையும் தாண்டுவதற்கு 33 சதவீதம்தான் வாய்ப்பு. கோட்டையிலேயே சிறந்த திருடன், மூன்றில் இரண்டு தடவை மாட்டுகிறான். மீதி மூன்று பேர் அதுவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது தனிக் கவலை.

இந்தச் சிக்கல் ஆட்டத்தோடு கூடவே வளர்ந்தது. 1975-இல் வந்த கிரேஹாக் இணைப்பில்தான் தீஃப் (திருடன்) என்ற வகுப்பு முதலில் அச்சேறியது. 1978-இல் வந்த அட்வான்ஸ்டு டி அண்ட் டி விதிநூலில் முதல் நிலைத் திருடனுக்கு ஓசைப்படாமல் நடக்க 15 சதவீதம், நிழலில் மறைய 10 சதவீதம். இரண்டும் தனித்தனி ரோல். படித்ததும், இது என்ன திருடன் என்றுதான் கேட்கத் தோன்றும். பழைய ஆட்டக்காரர்கள் பலர் இதை வேறு விதமாகப் படிக்கிறார்கள். எதிரியை அசந்த நேரத்தில் பிடிக்கும் பொதுவான வாய்ப்பு எல்லாருக்கும் ஏற்கெனவே இருக்கிறது. ஆறு பக்கப் பகடையில் 1 அல்லது 2 விழுந்தால் எதிரி அசந்துபோவான். திருடனின் சதவீதம் அதற்கு மேல் கிடைக்கும் கூடுதல் வித்தை. அது தவறினாலும் மற்றவர்களுக்கு உள்ள வாய்ப்பு அவனுக்கும் உண்டு. எனக்கு இந்த வாசிப்பு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் ஒரு ரோல் தவறியதும் எல்லாம் முடிந்துவிடாது என்ற எண்ணம் இதிலேயே இருக்கிறது.

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு மறைவதையும் ஓசையில்லாமல் நடப்பதையும் இரண்டு திறமைகளாகவே வைத்தது. எதிராளிக்கும் பார்க்க ஒன்று, கேட்க ஒன்று. உருட்ட உருட்ட வாய்ப்பு தேய்ந்தது. 2008-இல் நான்காம் பதிப்புதான் இரண்டையும் ஸ்டெல்த் என்று ஒன்றாக்கியது.

ஒரே ரோல், அதுவும் கடைசி நேரத்தில்

ஒரு மேசையில் ஒரே ஒரு ஹவுஸ் ரூலுக்குத்தான் இடம் என்றால் நான் இதைத்தான் வைப்பேன்: ஒரு இடத்துக்குள் பதுங்கிப் போக ஒரே ஒரு ரோல். நிலைமை உண்மையாக மாறும்வரை அதே எண் நிற்கும். மதில், முற்றம், படிக்கட்டு எல்லாவற்றுக்கும் அதே எண். புதிதாக ஒரு ரோந்து வந்தால் அந்த ரோந்தின் பாசிவ் பெர்செப்ஷனோடு ஏற்கெனவே உள்ள எண்ணை ஒப்பிட்டால் போதும். நாய்கள் வந்தாலோ, விளக்கு ஏற்றப்பட்டாலோ, ஆட்டக்காரர்களே திட்டத்தை மாற்றினாலோதான் மறுபடி உருட்டுவது. பர்னிங் வீல் என்ற ஆட்டத்தில் இது எல்லாத் திறமைக்கும் பொதுவான விதியாகவே இருக்கிறது. லெட் இட் ரைட் என்று அதற்குப் பெயர். டி அண்ட் டி ஆடுகிறவர்கள் தாராளமாகக் கடன் வாங்கலாம்.

அடுத்தது, எப்போது உருட்டுவது. பெரும்பாலான மேசைகளில் "நான் பதுங்கிப் போறேன்" என்றதும் உருட்டச் சொல்லிவிடுகிறார்கள். 6 விழுந்தால் என்ன ஆகும்? உருட்டியவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது. "வேண்டாம், நான் போகலை" என்று பின்வாங்குகிறார். கதாபாத்திரத்துக்குத் தெரியாத விஷயம் ஆட்டக்காரருக்குத் தெரிந்துபோனதால் வரும் குழப்பம் இது. இதைத் தவிர்க்க டிஎம்மே திரைக்குப் பின்னால் ரகசியமாக உருட்டுவது ஒரு வழி. எனக்கு அதில் உடன்பாடில்லை. தன் பகடையைத் தானே உருட்டும் படபடப்பு ஆட்டக்காரருக்குச் சொந்தமானது. அதற்குப் பதில் ரோலைத் தள்ளிப்போடுங்கள். அவர் நடக்கட்டும், சுவரோரம் ஒட்டட்டும், தாழ்வாரத்தைத் தாண்டட்டும். யாராவது ஒருவர் உண்மையிலேயே பார்க்கவோ கேட்கவோ கூடிய அந்தக் கணத்தில் மட்டும் "இப்போ உருட்டு" என்று சொல்லுங்கள். அப்போது பின்வாங்க இடமிருக்காது. யாருமே இல்லாத அறையில் உருட்ட வேண்டிய அவசியமும் இருக்காது.

நால்வரும் சேர்ந்து போக

கனமான கவசம் அணிந்தவரை வெளியே நிறுத்திவிட்டுப் போவது தீர்வாகாது. அவரும் ஆடத்தான் வந்திருக்கிறார். 2014 புத்தகத்திலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை: குரூப் செக். எல்லாரும் உருட்டுவார்கள், பாதிப் பேராவது வென்றால் குழு முழுவதும் வென்றதாகக் கணக்கு. முன்பு சொன்ன அதே நால்வர், அதே காவலன். தனித்தனியாகப் பார்த்தால் 2 சதவீதமாக இருந்தது, குரூப் செக்கில் 63 சதவீதம் ஆகிறது. கவசத்தைக் கழற்றவில்லை, மந்திரம் போடவில்லை. எண்ணும் முறையை மட்டும் மாற்றினோம்.

இதன் மேல் ஒரு சின்ன ஹவுஸ் ரூல் சேர்த்தால் இன்னும் உயிர் வரும். ஒருவர் இலக்கைத் தாண்டி எடுத்த ஒவ்வொரு 5-க்கும் தோற்றவர் ஒருவரைக் காப்பாற்றலாம். ரோக்குக்குப் பகடையில் 15 விழுந்து மொத்தம் 22 வந்தால், 12-ஐ விட 10 அதிகம். இரண்டு பேரைத் தூக்கிவிடலாம். எப்படிக் காப்பாற்றினார் என்று அவரே சொல்ல வேண்டும். கிளெரிக்கின் சட்டை வளையங்களுக்கு நடுவே துணியைத் திணித்தாரா, ஃபைட்டர் இடறப்போன வாளியை எட்டிப் பிடித்தாரா? தேர்ந்த திருடன் ஒருவன் கூட இருந்தால் குழுவுக்கே பயன் என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். ரோக்கை எடுத்தவருக்கும் தன் +7-க்கு மரியாதை கிடைக்கும்.

பாஸ் வித்தவுட் டிரேஸ் என்ற இரண்டாம் நிலை மந்திரம் பற்றி இங்கே ஒரு வார்த்தை. டிரூயிட், ரேஞ்சர் என்ற வகுப்பினர் போடக்கூடியது. 30 அடிக்குள் இருக்கும் கூட்டாளிகள் எல்லாருக்கும் ஸ்டெல்த்தில் +10. பல டிஎம்கள் இதைக் குறைத்து +5 ஆக்குகிறார்கள். வேண்டாம் என்பேன். அது ஒரு மந்திரச் செலவு, போட்டவர் ஒரு மணி நேரம்வரை கவனத்தை அதிலேயே வைத்திருக்க வேண்டும், வேறு நல்ல மந்திரங்கள் சிலவற்றை விட்டுக்கொடுக்க வேண்டும். விலை கொடுத்து வாங்கியது வேலை செய்யட்டும்.

தவறினால் மணி அடிக்க வேண்டியதில்லை

இரவுக் காவலில் நிற்கும் ஒருவருக்கு ஏதோ சத்தம் கேட்கிறது. உடனே "எதிரிகள்!" என்று கத்துவாரா? மாட்டார். முதலில் காதைத் தீட்டுவார். எலியா, காற்றா என்று யோசிப்பார். விளக்கை எடுத்துக்கொண்டு இரண்டு எட்டு வைப்பார். விதிகளில் இந்த நடுப்பகுதிதான் விடுபட்டுப்போயிருக்கிறது. அதற்காக மூன்று படிகள் வைத்துக்கொள்ளுங்கள்: நிம்மதி, சந்தேகம், உஷார். எந்தக் காவலனும் நிம்மதியில் தொடங்குவான். ஒரு ரோல் தவறினால் ஒரு படி ஏறும். உஷார் வந்தால்தான் மணி.

மேசையில் இது எப்படி ஓடும் என்று பாருங்கள். குரூப் செக் தவறிவிட்டது. டிஎம் சொல்கிறார்: "ஃபைட்டரோட செயின் மெயில் கல்லுல உரசுது. வாசல்ல நிக்கிற காவலன் திரும்பறான். 'யார்ரா அது?'ன்னு குரல் கொடுத்துட்டு லாந்தரைத் தூக்கிட்டு உங்க பக்கமா வர்றான். முப்பது அடிதான் இருக்கு. என்ன பண்றீங்க?"

"நான் அப்படியே சிலையா நின்னுடறேன்" என்கிறார் ஃபைட்டர்.

"நான் கல்லை எடுத்து கிணத்துப் பக்கம் எறியறேன்" என்கிறார் ரோக்.

"டேய், கல்லு வேண்டாம். என்கிட்ட மைனர் இல்யூஷன் மந்திரம் இருக்கு. கிணத்து மேல பூனை கத்துற மாதிரி சத்தம் வர வைக்கறேன்" என்கிறார் விசார்ட்.

"சரி, பூனையே இருக்கட்டும். அவன் அந்தப் பக்கம் திரும்பி நிக்கறான். இந்த நேரத்துல நகரணும்னா நகருங்க. ஆனா இன்னொரு ரோல்."

தோற்ற ரோல் ஒன்றிலிருந்து இத்தனை பேச்சு வந்திருக்கிறது. மூன்று பேர் கலந்துகொண்டார்கள். இந்த ரோலும் தவறினால் மணி அடிக்கட்டும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் தப்பிக்க வாய்ப்பு கொடுக்கப்பட்டது. காவலர்கள் நிறைய பேர் இருக்கும் பெரிய கோட்டையென்றால் தனித்தனியாகப் படி எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். கோட்டை முழுவதற்கும் ஒரு வட்டம் வரைந்து, ஆறு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு தவறுக்கும் ஒரு துண்டை நிரப்புங்கள். பிளேட்ஸ் இன் த டார்க் என்ற ஆட்டத்தை ஆடியவர்களுக்கு இந்த வட்டம் பழக்கமானது; அங்கே அதைக் கிளாக் என்பார்கள். அது மேசை நடுவில் எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கட்டும். நான்காவது துண்டு நிரம்பும்போது திரும்பிப் போய்விடலாமா என்ற பேச்சு தானாக வரும்.

பகடையில் 1 விழுந்தால் கண்டிப்பாகத் தோல்வி என்று சில மேசைகளில் ஒரு வழக்கம் உண்டு. 2014 விதிகளில் அது தாக்கும் ரோலுக்கு மட்டும்தான். ஸ்டெல்த் +11 வரை வளர்ந்த ரோக் 1 உருட்டினாலும் மொத்தம் 12. அந்தச் சாதாரணக் காவலனை அவர் தாண்டிவிடுவார். இத்தனை நிலை ஏறியதற்கு அதுதானே பலன்.

சத்தமும் வெளிச்சமும்

சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதற்கு டிஎம் ஸ்கிரீன் என்ற மடிப்பு அட்டையில் ஒரு கணக்கு இருந்தது. 2024 டிஎம் புத்தகத்திலும் இருக்கிறது. அடக்கி வாசித்தால் இரண்டு ஆறுபக்கப் பகடையின் கூட்டுத்தொகையை 5-ஆல் பெருக்கிய அடி. சாதாரணச் சத்தம் என்றால் 10-ஆல், பெரும் சத்தம் என்றால் 50-ஆல். சராசரியாக 35 அடி, 70 அடி, 350 அடி. அந்தத் தூரத்துக்கு வெளியே இருக்கும் காவலனுக்காக உருட்டவே வேண்டாம். எனக்கு இது உருட்டுவதற்கான விதியாக அல்ல, அளவு தெரிந்துகொள்ளத்தான் உதவுகிறது: கதவை எட்டி உதைத்தால் கோட்டையின் மறுகோடிவரை கேட்கும், கிசுகிசுத்தால் பக்கத்து அறையோடு நின்றுவிடும்.

இருட்டைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. டார்க்விஷன் (இருட்டில் பார்க்கும் திறன்) உள்ள எல்ஃப், காப்ளின் போன்ற இனங்களுக்கு இருட்டு பகல் மாதிரி தெரியும் என்று பலர் ஆடுகிறார்கள். அவர்களுக்கு முழு இருட்டு மங்கிய வெளிச்சமாகத்தான் தெரியும். எனவே கண்ணால் கவனிக்கும் அவர்களின் பாசிவ் பெர்செப்ஷனிலும் 5 குறையும். இதை நினைவில் வைத்தாலே காப்ளின் குகைக்குள் விளக்கில்லாமல் போவது செய்து பார்க்கக்கூடிய காரியமாகிவிடும்.

சண்டைக்கு நடுவே ஒளிவது

2024-இல் திருத்தி வந்த விதிகள் சண்டைக்கு நடுவே ஒளிவதை நேராக்க முயன்றன. எதிரியின் பார்வையில் படாமல், அடர்ந்த மறைவிலோ உடம்பில் முக்கால் பங்கை மறைக்கும் தடுப்புக்குப் பின்னாலோ இருந்து ஸ்டெல்த் 15 எடுத்தால் இன்விசிபிள் என்ற நிலை கிடைக்கும். உங்களைத் தேடுபவர் நீங்கள் எடுத்த அந்த எண்ணை எட்ட வேண்டும். நீங்கள் தாக்கினாலோ, கிசுகிசுப்புக்கு மேல் சத்தம் போட்டாலோ, வாய்விட்டு மந்திரம் சொன்னாலோ, யாராவது கண்டுபிடித்தாலோ அந்த நிலை போய்விடும். இலக்கு எண் தெளிவாகத் தெரிவது நல்ல மாற்றம். ஆனால் தூணுக்குப் பின்னால் ஒளிந்தவர் அதே நிலையோடு நட்டநடு முற்றத்தில் நடந்து வரலாமா என்று மேசைக்கு மேசை வாக்குவாதம் நடக்கிறது. எங்கள் பக்கத்து ஏற்பாடு இது: சண்டையில் உங்கள் முறை வரும்போது வெளியே வந்து ஓடலாம், முதுகுப் பக்கமாகப் போய்க் குத்தலாம், ஆனால் முறை முடியும்போது யாருடைய கண்ணுக்கும் எதிரே வெட்டவெளியில் நின்றால் மறைவு போய்விட்டது. ரோக்குக்குத் தேவையான சுதந்திரம் இதில் கிடைக்கிறது, யாரும் மாயாவியாகத் திரியவும் முடியாது.

சண்டையின் முதல் சுற்றில் எதிரி அசந்துபோவது பற்றியும் பேசிவைத்துக்கொள்வது நல்லது. 2014 விதியில் அசந்தவர் தன் முதல் முறை வரும்போது நகரவோ தாக்கவோ முடியாது. ஆனால் பதுங்கி வரும் குழுவில் ஒருவரை அவர் கவனித்துவிட்டாலும் அசரமாட்டார். செயின் மெயில் போட்ட ஒருவரால் எல்லார் உழைப்பும் வீணாகும். 2024-இல் அசந்தவருக்கு, யார் முதலில் என்று தீர்மானிக்கும் இனிஷியேட்டிவ் ரோலில் டிஸ்அட்வான்டேஜ் மட்டும்தான். குரூப் செக் வைத்து ஆடும் மேசைக்குப் பழைய விதியின் பரிசை வைத்துக்கொண்டு, யார் கவனித்தார்கள் என்பதைக் குழுவின் முடிவால் தீர்மானிப்பதே சரி என்பது என் எண்ணம்.

இந்த விதிகளை முதல் ஆட்டத்துக்கு முன்பே ஒரு தாளில் எழுதி எல்லாரிடமும் காட்டிவிடுங்கள். ஆட்டத்துக்கு நடுவில், மாட்டிக்கொண்ட நேரத்தில் விதி மாற்றினால் யாராவது ஒருவருக்கு மனம் கசக்கும். அதோடு, இவை எதிரிகளுக்கும் பொருந்தும் என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள். புதரில் பத்து காப்ளின்கள் பதுங்கியிருந்தால் டிஎம் பத்து முறை உருட்ட வேண்டாம். காப்ளினுக்கு ஸ்டெல்த் +6. கூட்டத்துக்கு ஒரு ரோல், அந்த எண்ணை ஒவ்வொரு ஆட்டக்காரரின் பாசிவ் பெர்செப்ஷனோடும் ஒப்பிடலாம். அதை எட்டியவருக்கு மட்டும் நடுப் படியான சந்தேகத்தைக் கொடுங்கள்: காற்றே இல்லை, ஆனால் இடதுபக்கம் இலை அசைகிறது. மற்றவர்களிடம் அதை எப்படிச் சொல்வது, சொல்ல நேரம் இருக்கிறதா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.